போனில் சொன்ன ‘சரி’

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முதுகுவலி தேவலையா? அத்தானுக்கு இருமல் நின்றதா? இங்கே நான் நலம், என் குரலும் நலம். குரல்தான் என் பிழைப்பு என்பதால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நேற்று போனில், “அப்பாவ உன்கூட வச்சுக்கோயேன்” என்று கேட்டாய். நீ கேட்டு முடிப்பதற்குள் நான் “சரி” என்றுவிட்டேன். போனை வைத்துவிட்டுக் கால் மணி நேரம் அப்படியே நின்றேன். என் வாய்க்கும் எனக்கும் என்றைக்குமே ஆகாது, உனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். பேனாவாவது கொஞ்சம் யோசிக்கும்.

அக்கா, எனக்கு இருப்பது இரண்டே அறை. ஒன்றில் சமைத்து, சாப்பிட்டு, தூங்குகிறேன். இன்னொன்றில் சுவர் முழுக்கக் கம்பளி அடித்து, ஜன்னல் இடுக்கில் பஞ்சு அடைத்து, பார்வையற்றோர் நூலகத்துக்காகப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்கிறேன். இப்போது கையில் இருப்பது தொள்ளாயிரம் பக்கச் சட்டப் புத்தகம். நவம்பர் தேர்வுக்கு முப்பது மாணவர்கள் இதைக் கேட்டுத்தான் படிக்க வேண்டும். பக்கத்து வீட்டில் கரண்டி விழுந்தாலும் என் பதிவில் விழும். அப்பா காலையில் தொண்டையைச் செருமினால் தெருவுக்கே கேட்கும். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர், ஹாரன் அடிக்காமல் அவருக்கு நாள் தொடங்காது.

அவர் வரக்கூடாது என்று சொல்லவில்லை. அவர் வீடு, அவர் தெரு, தினமும் கேரம் ஆடக் காத்திருக்கும் முடிவெட்டுக்காரர், இதையெல்லாம் விட்டுவிட்டு இங்கே வந்து என்ன செய்வார்? கொஞ்சம் யோசிக்கலாமா? நான் ஏதாவது தப்பாக எழுதியிருந்தால் மன்னித்துவிடு. உனக்குக் கஷ்டம் என்றால் அனுப்பிவிடு. எனக்கு ஒன்றும் சிரமமில்லை.

உன் அன்புத் தங்கை

பிப்ரவரி 10

என் செல்லத் தங்கச்சிக்கு,

முதுகுவலியைக் கேட்டாயே, வலி இல்லாத நாளைத்தான் இப்போது காலண்டரில் குறித்து வைக்கிறேன். அத்தான் நலம். என் மாமியாருக்கு மட்டும் முழங்கால் வீக்கம் கூடிவிட்டது. மூன்று மாடி ஏறி இறங்கினால் பின்னே என்ன ஆகும்?

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். அம்மா உனக்குச் ‘சரிப்பாப்பா’ என்று பேர் வைத்தது சும்மாவா? எதைக் கேட்டாலும் சரி என்பாய், அப்புறம் மூலையில் உட்கார்ந்து நகம் கடிப்பாய்.

உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். இது என் யோசனையே இல்லையடி. அப்பாவே வாய்விட்டுக் கேட்டது. “சின்னவகூடக் கொஞ்ச நாள் இருந்துட்டா போதும், எனக்கு வேற ஆசையே இல்ல” என்று கண் கலங்கிவிட்டார். அவர் எதையாவது கேட்டு நாம் பார்த்திருக்கிறோமா? ஒரே ஒரு விஷயம். இதைப் பற்றி அவரிடம் பேச்செடுக்காதே. மானஸ்தர். பாரமாகிவிட்டோம் என்று நினைத்து அன்றைக்கே பையைத் தூக்கிவிடுவார்.

வீட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். பூட்டிக் கிடந்தால் கரையான்தான் குடியேறும், நான் பார்த்துக்கொள்கிறேன். சாவியை வாங்கி வைத்துக்கொண்டேன். சனிக்கிழமை காலை பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் அக்கா

மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நானும் அப்பாவும் நலம். அத்தையின் முழங்காலுக்கு இப்போது எப்படி இருக்கிறது?

அப்பா வந்த அன்றே பதிவு அறையை அவருக்கு ஒழித்துக் கொடுத்துவிட்டேன். கம்பளி எல்லாம் கழற்றியாயிற்று, அவருக்கு மூச்சு முட்டக்கூடாதே. நான் இப்போது துணி அலமாரிக்குள் உட்கார்ந்து வாசிக்கிறேன். சிரிக்காதே, நிஜமாகத்தான். தலைக்கு மேல் என் சட்டைகள் தொங்குகின்றன, மடியில் சட்டப் புத்தகம், முழங்காலில் டார்ச் லைட். சொத்துரிமை பற்றி வாசிக்கும்போது ஒரு சட்டைக் கை முகத்தில் வந்து விழுகிறது.

நூலகத்தில் பதிவுகளைக் கேட்டுச் சரிபார்க்கும் பரிசோதகருக்கும் பார்வை கிடையாது. ஆனால் காது இருக்கிறதே, அம்மாடி! மூன்று அத்தியாயங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். “பக்கம் 112, இருமல். பக்கம் 120, தண்ணீர்க் குழாய். பக்கம் 131, வாசிப்பவர் பெருமூச்சு.” கடைசிதான் எனக்கு வெட்கமாகப் போயிற்று.

அப்பா காலை எட்டு மணிக்குத் தண்ணீர் பாட்டிலும் முதியோர் பஸ் பாஸுமாகக் கிளம்பிவிடுகிறார். மாலை ஆறுக்குத்தான் வருகிறார். “எங்கப்பா போனீங்க?” என்றால், “சும்மா ஒரு ரவுண்டு” என்கிறார். ஊர் சுற்றப் பிடித்திருக்கிறது போல. திரும்பி வரும்போது மட்டும் முகம் வாடிக் கிடக்கிறது. சாப்பாட்டில் குறையே சொல்வதில்லை. நேற்று “அருமை” என்று இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். அப்புறம் நான் வாயில் வைத்தேன், உப்பே போடவில்லை.

ஊருக்கு வர வேண்டும் என்று உன்னிடம் ஏதாவது சொன்னாரா? சும்மாதான் கேட்கிறேன்.

இன்னொன்று. உறை மேல் ‘சரிப்பாப்பா’ என்று எழுதி அனுப்புகிறாயே, தபால்காரர் அதை உரக்கக் கூப்பிட்டுச் சிரிக்கிறார். எழுதாமல் இருக்கலாமா? உனக்குப் பிடித்தால் எழுது, பரவாயில்லை.

உன் தங்கை

மே 2

சரிப்பாப்பாவுக்கு அக்காவின் ஆசீர்வாதம்.

பதில் போடத் தாமதம். இங்கே வேலைக்கு மேல் வேலை. உனக்கென்ன, ஒரு புத்தகத்தைப் பிரித்தால் நாள் ஓடிவிடும்.

அத்தையைக் கொஞ்ச நாளைக்கு அப்பா வீட்டில் இருக்க வைத்திருக்கிறோம். தரைத்தளம், படி இல்லை, அவருக்கு வசதி. துணைக்கு நாங்களும் போய்விட்டோம். வீடும் காற்றோட்டமாக இருக்கும், ஒரு கல்லில் இரண்டு மாங்காய். அப்பாவின் சாய்வு நாற்காலி இடத்தை அடைத்தது, கொல்லைப்புறம் போட்டு மூடி வைத்திருக்கிறேன். அவரிடம் சொல்லாதே, வீணாக வருத்தப்படுவார்.

அவர் ரொம்பச் சந்தோஷமாக இருப்பதாகத்தான் என்னிடம் சொல்கிறார். நீயாக எதையாவது கற்பனை செய்துகொள்ளாதே.

மறந்தே போனேன். அத்தானின் மேலதிகாரிக்குப் பிரிவு உபசார விழா. உன் குரலில் பத்து நிமிஷம் வாழ்த்து வாசித்து அனுப்பேன். அனுப்புவாய் என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.

உன் அக்கா

மே 19

அக்கா,

நலம் விசாரிக்க இன்று கை வரவில்லை. நீ நலமாகவே இருப்பாய்.

வாழ்த்துரையை அனுப்பிவிட்டேன், கிடைத்திருக்கும். அதை முடித்துவிட்டுத்தான் புத்தகத்துக்கு உட்கார்ந்தேன். தண்ணீர் வண்டி வந்த சத்தம் கேட்டு, பதிவுக் கருவியை நிறுத்தாமலே குடத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். வரிசை நீளம். திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து வாசித்து, இருந்த அசதியில் கேட்டுப் பார்க்காமலே நூலகத்துக்கு அனுப்பிவிட்டேன். இத்தனை வருஷத்தில் நான் செய்யாத தப்பு இது.

நேற்று பரிசோதகர் கூப்பிட்டார். “அம்மா, இருநூத்திப் பத்தாம் பக்கத்துக்கு அப்புறம் பதினேழு நிமிஷம் உங்க வீட்டுப் பேச்சு பதிவாயிருக்கு. பெரியவர் ஒருத்தர் போன்ல பேசறார். முதல் வரியிலேயே கேக்கறத நிறுத்திட்டு, நீங்க மறுபடி வாசிக்கற இடத்துக்குத் தாண்டிட்டேன். மத்தவங்க கேக்கற பேச்சு இல்ல அது. நீங்க கேளுங்க.”

கேட்டேன். அன்று மழை என்று அப்பா சீக்கிரம் திரும்பியிருக்கிறார். நான் வீட்டில் இல்லை என்று பார்த்து, அலமாரிப் பக்கமாக நின்று உன்னிடம் பேசியிருக்கிறார். உன் குரல் இல்லை. அவர் குரல் மட்டும்தான்.

“சின்னவ தனியா இருக்கப் பயப்படறா, துணைக்கு வாங்கன்னு அழுதான்னு நீதானே சொன்ன? அவ பயந்த மாதிரியே தெரியலையேம்மா... இல்ல இல்ல, அவகிட்ட கேக்கல. நீதான் கேக்கக் கூடாதுன்னுட்டியே... எனக்கு ஒண்ணும் இல்ல. நான் இருந்துக்கறேன். எப்ப வீட்டுக்கு வரலாம்னு மட்டும் சொல்லு... சரி. சரிம்மா. சரி.”

அந்தச் சரியை நான் எண்ணினேன் அக்கா. பதினேழு நிமிஷத்தில் முப்பத்தோரு தடவை. அலமாரிக்குள் உட்கார்ந்து கேட்டேன், என் குரலையே கேட்பது போல இருந்தது.

நான் அழுதேனா? எப்போது அழுதேன்? அவர் கேட்டதாக என்னிடமும், நான் கேட்டதாக அவரிடமும் சொல்லி, இரண்டு பேர் வாயையும் கட்டிப்போட்டுவிட்டு, அவர் வீட்டில் போய் உட்கார்ந்திருக்கிறாய். ஏன்?

பதில் எழுது. போன் செய்யாதே.

தங்கை

ஜூன் 20

தங்கச்சிக்கு,

ஒரு மாதமாக எழுத மனசு வரவில்லை. பெற்ற அப்பா பேசுவதை ஒளிந்து கேட்கும் அளவுக்கு வந்துவிட்டாய்.

நான் எந்தப் பொய்யும் சொல்லவில்லை. உன் மனசில் இருந்ததை அவரிடமும், அவர் மனசில் இருந்ததை உன்னிடமும் கொஞ்சம் எடுத்துச் சொன்னேன். குடும்பம் என்றால் யாராவது ஒருத்தர் அதைச் செய்ய வேண்டும்.

நேற்று அப்பாவிடமே போனில் கேட்டுவிட்டேன். “எனக்கு இங்க ஒரு குறையும் இல்லம்மா, சின்னவகிட்டயே இருந்துக்கறேன்” என்று அவர் வாயால் சொன்னார். இப்போது என்ன சொல்கிறாய்? உனக்கு அவரை வைத்துக்கொள்ளப் பிடிக்கவில்லை. அதை நேராகச் சொல்லத் துணிச்சல் இல்லாமல் பழியை என் மேல் போடுகிறாய். ஊரில் யாரைக் கேட்டாலும் உன்னைத் தங்கம் என்பார்கள். அந்தத் தங்கத்தை உரசிப் பார்த்தால்தான் தெரிகிறது.

அக்கா

ஜூன் 27

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று எனக்கு உன் மேல் வந்த கோபத்தைவிட அப்பா மேல் வந்த கோபம்தான் பெரிது. மறுநாள் காலை ஏழு மணிக்கு அவருக்குத் தேநீர் கொடுத்தேன், “அருமை” என்றார். எட்டு மணிக்குக் கிளம்பினார். நானும் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

அவர் ஊர் சுற்றவில்லை. பன்னிரண்டாம் நம்பர் பஸ்ஸில் ஏறி, டிரைவருக்கு நேர் பின் இருக்கையில் உட்கார்ந்தார். நான் கடைசியில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவர் வலது கால் தானாகத் தரையை அழுத்துகிறது, பிரேக் போடுகிறார். கடைசி நிறுத்தம் வந்தும் இறங்கவில்லை. அதே பஸ் திரும்பியது, அவரும் திரும்பினார். கண்டக்டரிடம் மெல்லக் கேட்டேன்.

“அந்த ஐயாவா? தினம் நாலஞ்சு ட்ரிப் இதே வண்டிதான். மக வீட்ல வேலை செய்யுதாம், சத்தம் ஆகாதாம். இருமல் வேற இருக்குல்ல, அதான் ஐயா வண்டியிலயே இருமிக்கறார்.”

எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். திருட்டுத்தனம் பண்ணி மாட்டிக்கொண்டவர் மாதிரி விழித்தார். “உங்கள யாருப்பா வெளிய போகச் சொன்னா?” என்று கேட்டேன்.

“பெரியவதான். பகல்ல வீட்ல இருந்தா உன் வேலையே போயிடும், ஆனா நீ வாய்விட்டுச் சொல்ல மாட்டேன்னா. கரண்டி விழுந்தாக்கூட பதிவாயிடுமாமே?”

கரண்டி. அது நான் உனக்கு எழுதியது, உனக்கு மட்டும். அவர் வராமல் இருந்தால் நல்லது என்று பயந்து பயந்து எழுதிய கடிதத்தை வைத்துக்கொண்டு, அவரை வரவும் வைத்தாய், வந்த வீட்டில் பகலில் இருக்கவும் விடவில்லை. நாலு மாதமாக எழுபத்திரண்டு வயது மனுஷர் வெயிலிலும் மழையிலும் பஸ்ஸில் குடியிருக்கிறார். நான் ஊர் சுற்றுகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்டிருக்க வேண்டியவள் நான்தான். கேட்டால் அவர் மனசு நோகும் என்று நல்லவளாக இருந்துவிட்டேன்.

“அப்போ எதுக்குப்பா அவகிட்ட குறையே இல்லன்னீங்க?”

“அவ அழுதாம்மா.”

எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. அப்புறம் பார்த்தேன், நான் உன் அழுகைக்குச் சொன்ன ‘சரி’களை வரிசையாக நிறுத்தினால் இந்தப் பஸ் கொள்ளாது. குட்டக் குட்டக் குனிகிறவனும் மூடன், குனியக் குனியக் குட்டுகிறவனும் மூடன் என்று அம்மா சொல்வாளே, நம் வீட்டில் இரண்டுக்கும் ஆள் இருக்கிறது.

நான் அழவே இல்லை என்பதையும், அவர் கேட்டதாக நீ என்னிடம் சொன்னதையும், அவர் வீட்டில் இப்போது நீங்கள் இருப்பதையும் அங்கேயே அவரிடம் சொல்லிவிட்டேன். அப்பாவும் போனில் சரி என்றுதான் சொல்வார். அதனால் எழுதச் சொன்னேன். என்ன எழுத வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு நாள் எழுதினார். இத்துடன் வைத்திருக்கிறேன்.

தங்கை

ஜூன் 26

பெரியவளுக்கு அப்பா எழுதுவது.

நான் சுகம். நீயும் மாப்பிள்ளையும் சம்பந்தியம்மாவும் சுகமாக இருக்க வேண்டும்.

போனில் குறை இல்லை என்று சொன்னேன். நீ அழுததால் சொன்னேன். குறை இருக்கிறது. என் வீடு எனக்கு வேண்டும்.

சின்னவள் பயப்படுகிறாள் என்று நீ சொன்னது பொய் என்று தெரிந்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. மறுநாள் வந்தது. இன்னும் போகவில்லை. நான் ஓட்டிய வண்டியில் ஏறிய யாரையும் தப்பான இடத்தில் இறக்கிவிட்டதில்லை. நீ என்னை இறக்கிவிட்டாய்.

ஆகஸ்ட் ஒன்றாம் தேதி வருகிறேன். முன் அறையும் சாவியும் எனக்கு. சம்பந்தியம்மா உள் அறையில் கொஞ்ச நாள் இருக்கட்டும், நான் துரத்த மாட்டேன். என் நாற்காலி எங்கே இருக்கிறது?

அப்பா

ஜூலை 15

தங்கச்சிக்கு,

அப்பா கடிதத்தைப் படித்தேன். கையெழுத்து அவருடையது, வார்த்தை உன்னுடையது என்று முதலில் நினைத்தேன். நாற்காலியைப் பற்றிக் கேட்டதும் அவர்தான் என்று தெரிந்துவிட்டது.

சொல்கிறேன், கேட்டுக்கொள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அத்தானின் அண்ணன் தம்பிகள் எல்லாரும் இருக்கும்போது மாமியார், “உங்கப்பா வீடு தரைத்தளம்தானே, ஒத்த ஆளுக்கு எதுக்கு அவ்வளவு இடம்?” என்றார். பத்துப் பேர் என் முகத்தையே பார்த்தார்கள். நான் “சரி அத்தை” என்றேன். நீ மட்டும்தான் சரிப்பாப்பா என்று நினைத்தாயா? அவரிடம் முடியாது என்று சொல்ல என்னால் ஆகாதடி. உங்கள் இரண்டு பேரிடம் எதையாவது சொல்லிச் சமாளிக்க முடியும். நீங்கள் எதுவும் சொல்ல மாட்டீர்கள் என்று தெரியும்.

ஆகஸ்ட் ஒன்றுக்கு முன் அறையை ஒழித்துவிடுகிறேன். நாற்காலியில் ஒரு கால் மழையில் ஊறிவிட்டது, சரி செய்யக் கொடுத்திருக்கிறேன்.

உன் அக்கா

செப்டம்பர் 9

என் தங்கமே,

எப்படி இருக்கிறாய்? அப்பாவைக் கொண்டுவந்து விட்ட அன்று வாசலோடு திரும்பிவிட்டாய், ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. போன் செய்தால் எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு என்ன ஆயிற்று என்றே தெரியவில்லை. எதற்கெடுத்தாலும் “வேண்டாம்” என்கிறார். புதுச் சட்டை கிடைத்தது மாதிரி தினமும் அதையே போட்டுக்கொள்கிறார். காலையில் செருமுகிறார், ரேடியோ வைக்கிறார், முடிவெட்டுக்காரரை அழைத்துவந்து முன் அறையில் கேரம் ஆடுகிறார். மாமியாருக்கு அந்தச் சத்தம் ஆகவில்லை. “சத்தத்தைக் குறைக்கச் சொல்லு” என்று அவர் என்னிடம் சொல்கிறார், “முடியாதுன்னு சொல்லு” என்று இவர் என்னிடம் சொல்கிறார். நடுவில் நான் மத்தளம்.

ஒரு யோசனை. உன் வீட்டுக் கட்டடத்தில் லிப்ட் இருக்கிறது. அப்பா இருந்த அறை இப்போது சும்மாத்தானே கிடக்கிறது? மாமியார் ஒரு இரண்டு மாதம் அங்கே இருக்கட்டும். சத்தமே போட மாட்டார், பாவம். உன்னை ரொம்பப் பிடிக்கும் அவருக்கு. நீயே ஆசையாகக் கூப்பிட்டதாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.

சரி என்று ஒரு வரி எழுது போதும்.

உன் அக்கா

செப்டம்பர் 14

அக்காவுக்கு,

நீ நலமா? எல்லாவற்றையும் நிறுத்தினாலும் இந்தக் கேள்வியை நான் நிறுத்தப் போவதில்லை.

முடியாது.

முதலில் நாலு பக்கம் எழுதினேன். கம்பளியை மறுபடி அடித்துவிட்டேன், இன்னும் முந்நூறு பக்கம் வாசிக்க வேண்டும், தேர்வு நெருங்குகிறது என்று காரணம் மேல் காரணம். கிழித்துப் போட்டுவிட்டேன். ஒவ்வொரு காரணத்துக்கும் நீ ஒரு வழி வைத்திருப்பாய். என் வீட்டுக்கு உன் மாமியாரை நான் அழைக்கவில்லை, அழைக்க மாட்டேன்.

போனை எடுக்காததற்கும் காரணம் இதுதான். நீ அழுவாய், நான் சரி என்றுவிடுவேன். அவ்வளவு தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.

உன் மேல் கோபம் இல்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. இருக்கிறது அக்கா. நீ பொய் சொன்னதுகூட என்றைக்காவது ஆறிவிடும். உன்னை நம்பி நான் எழுதியதை எடுத்து அப்பாவைத் தெருவில் விட்டாயே, அது ஆறுமா என்று எனக்குத் தெரியவில்லை. நான் கூப்பிட்டதாக இன்னொரு தடவை, இன்னொருவரிடம் சொல்லியிருக்கிறாய். உனக்கு அது பழகிவிட்டது. பழக்கியதில் எனக்கும் பங்கு உண்டு.

உன் மாமியாரிடம் நீயே சொல். வாயால் வரவில்லை என்றால் எழுதிக் கொடு. எனக்கும் அப்பாவுக்கும் அப்படித்தான் வந்தது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை

பி.கு. உறை மேல் இனி ‘சரிப்பாப்பா’ என்று எழுதாதே. அந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை என்று திருப்பி அனுப்பச் சொல்லி, தபால்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.